ஒரே மலை, பல பெயர்கள்

வேலை செய்யும் இடத்தில் மதத்தைப் பற்றிப் பேசலாமா, கூடாதா? பத்திரிகை அலுவலகங்களில் நான் கழித்த ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு இருவகைப் பதில்களையே அதிகம் கேட்டிருக்கிறேன். பேசினால் கசப்பு வரும், ஆகவே வாயைத் திறக்காதே என்பது ஒன்று. உண்மையை அறிந்தவன் அதை அடுத்தவனுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அல்லாத ஒரு வழி உண்டு என்பதை இலங்கையின் மலையகம்தான் எனக்குக் காட்டியது.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் போயிருந்தேன். இயந்திரங்களுக்கு அருகே சிறு மாடம். அதில் ஒரு விளக்கு, திருநீறு, வாடிய பூ. ‘ரோதை முனி’ என்றார்கள். சக்கரத்தையும் இயந்திரத்தையும் தோட்டத்து மக்கள் ரோதை என்பார்கள். ஊரில் எல்லையைக் காத்த முனி இங்கே இயந்திரத்தைக் காக்கிறார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலைக்கு முன்பு கும்பிடுவதற்குக் கவ்வாத்துச்சாமி என்றொரு தெய்வமும் உண்டு. இயந்திரத்தருகே நின்ற சிங்களத் தொழிலாளியிடம், “நீங்களும் கும்பிடுவீர்களா?” என்று கேட்டேன். “நான் பன்சலைக்குப் போகிறவன். ஆனால், இவர் விளக்கு வைக்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன். இரண்டு பேருடைய கையும் இந்த மெசினுக்குள்தானே போகிறது” என்றார். அவர் சொன்னதை இன்னும் நான் மறக்கவில்லை.

இந்த உறவு எளிதில் அமைந்ததன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும், காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் உடன் கொண்டுவந்தார்கள். வந்தவர்களுள் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தனர். எல்லோருக்கும் ஒரே லயம், ஒரே பெரட்டுக்களம். மேலே பங்களாவில் இருந்த துரைக்கோ தேவாலயம்.

மதப் பேச்சு முதலில் மேலிருந்துதான் இறங்கியது. 1854இல், தோட்ட முதலாளிகள் சிலரின் ஆதரவோடு, தமிழ்க் கூலி மிஷன் என்ற அமைப்பு ஆங்கிலிக்கத் திருச்சபையின் சார்பில் தொடங்கப்பட்டது. அதன் ஊழியர்கள் எழுத்தறிவு கொடுத்தார்கள் என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால், துரையின் அனுமதியோடு வந்து நிற்கும் உபதேசியாரிடம், “உங்கள் சாமி எனக்கு வேண்டாம்” என்று ஒரு கூலியாளால் எவ்வளவு தூரம் துணிந்து சொல்லியிருக்க முடியும்? மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் நடப்பது உரையாடல் அன்று. பெரும்பாலானோர் தங்கள் தெய்வங்களை விடவில்லை. சிலர் ‘வேதக்காரர்’ ஆனார்கள். அவர்களும் அதே லயத்தில், பழைய அண்டை வீட்டாரோடு பழைய உறவுமுறை சொல்லியே வாழ்ந்தார்கள்.

அதே காலத்தில் மலைக்குக் கீழே வேறு வகையான மதப் பேச்சு சூடுபிடித்திருந்தது. பௌத்த பிக்குகளும் கிறிஸ்தவப் போதகர்களும் மேடை போட்டு வாதிட்டார்கள். 1871இல் கம்பளையில் ஒன்று. 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பங்குகொண்ட புகழ்பெற்ற வாதம். அடக்கப்பட்டிருந்த பௌத்தருக்கு அது தலைநிமிரும் வாய்ப்பாயிற்று. அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால், வாதத்தில் வெற்றி தோல்வி உண்டு. வென்றவரும் தோற்றவரும் மறுநாள் காலையில் ஒரே மலையில் கொழுந்து பறிக்க வேண்டியதில்லை.

அதே கம்பளையில் பின்னர் நடந்தது இன்னும் கசப்பானது. ஹட்டனுக்கு ரயிலேறிப் போகிறவர்கள் கடந்துசெல்லும் ஊர் அது. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் கொட்டலாமா என்ற தகராறு 1912இல் எழுந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் தேவாலயம் வென்றது; 1915இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியில் கலவரம் மூண்டு நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களவரைக் கொடுமையாக அடக்கியது. ஒரு தெருவில் சில நிமிட மேளத்துக்கு எவ்வளவு பெரிய விலை! இரு தரப்பாரும் சட்டத்தைப் பேசினார்கள்; சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இப்போது மலையுச்சிக்குப் போவோம். 2,243 மீட்டர் உயரமுள்ள சிகரம். பௌத்தருக்கு அது ஸ்ரீபாத, புத்தர் பாதம். நமக்குச் சிவனொளிபாதமலை. முஸ்லிம்களுக்கு ஆதிபிதா ஆதமின் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் அந்தச் சுவட்டைத் தோமையாருடையது என்பார்கள். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அங்கே போக விரும்பியபோது, வழியனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அவர் கூட்டியனுப்பிய துணைகளுள் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் இருந்ததாக அந்தப் பயணியே குறித்திருக்கிறார். ஓர் இஸ்லாமியர், இந்து யோகிகளின் துணையோடு, பௌத்தர்களும் வணங்கும் மலையில் ஏறுகிறார். பாதம் யாருடையது என்று ஏறும் வழியில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை.

அந்த மலையிலும் பெயரை முன்னிட்டு உரிமைப் பூசல் எழாமல் இல்லை. ஆயினும், மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நடக்கும் யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணிப் படிகளில் மூச்சு வாங்கி நிற்பவருக்கு அடுத்தவர் தண்ணீர் கொடுக்கிறார். எந்தப் பெயர் சொல்லி ஏறுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை.

தொழிற்சங்க வரலாறும் இதையே சொல்கிறது. 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர் தஞ்சை மண்ணின் பிராமணர். என்னைப் போல் பத்திரிகைக்காரர். பெரும்பாலும் இந்துக்களாயிருந்த தொழிலாளர்கள், அப்துல் அஸீஸ் என்ற முஸ்லிமைத் தம் தலைவர்களுள் ஒருவராக ஏற்றார்கள். பின்னாளில் அவர் தொண்டமானிடமிருந்து பிரிந்து, 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தொடங்கியதற்கும் மதம் காரணமன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியபோது திருநீறு, சிலுவை, தொப்பி என்ற வேறுபாட்டைப் பார்க்கவில்லை. 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ், மதமும் இனமும் கடந்து தோட்ட மக்களுக்காக உழைத்து, 2017இல் மறைந்தார்.

எல்லாம் இனிமை என்று நான் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில், புதிதாகக் கிறிஸ்தவத்தைத் தழுவிய ஒரு குடும்பம் மாரியம்மன் திருவிழாச் சந்தாவைத் தர மறுத்தது. “பரம்பரையாகக் கொடுத்தது, சாமி குற்றம் வரும்” என்றார்கள் லயத்தார். “விக்கிரகத்துக்குக் கொடுத்தால் எங்களுக்குப் பாவம்” என்றார் அந்த வீட்டுக்காரர். பேச்சுத் தடித்தது, அந்த வீட்டுப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் விளையாடுவதும் நின்றது. தோட்டத் தலைவர் இரு தரப்பையும் உட்கார வைத்தார். எந்தச் சாமி உண்மை என்று அவர் கேட்கவில்லை. “உன்னால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, அதைச் சொல்” என்றுதான் கேட்டார். பூசைக்குத் தர முடியாது, ஆனால் அன்னதானத்துக்கு அரிசி தரலாம், விறகு வெட்டலாம் என்றார் அவர். அதன்பின் அப்படியே நடந்தது. மறு ஆண்டு அவர் தாயார் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களுள் கோயில் பூசாரியும் ஒருவர்.

‘உன் நம்பிக்கை பொய்’ என்பதும், ‘எல்லா நம்பிக்கையும் ஒன்றுதான்’ என்பதும் அடுத்தவர் சொல்வதைக் கேட்காமலிருக்க நாம் கண்டுபிடித்த இரு வழிகள். அந்தத் தலைவர் கேட்ட கேள்வியில் மட்டுமே பதில் சொல்பவருக்கு இடம் இருந்தது. மேலதிகாரி கீழிருப்பவரிடம் மதம் பேசுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கட்டும். சமமாக நிற்பவர்கள் தாராளமாகப் பேசட்டும்; ஆனால், வெல்வதற்காக அல்ல, அறிவதற்காக.

அந்தத் தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது மாலைப் பூசைக்கு மணி அடித்தது. விளக்கேற்றியவரின் பக்கத்தில் அந்தச் சிங்களத் தொழிலாளி கைகட்டி நின்றார். கும்பிடவில்லை, விலகிப் போகவுமில்லை.