தேடலும் எடுத்துரைத்தலும்: சிவகாசி வட்டாரப் பொறியியல் கல்வியின் ஒரு கூறு

விருதுநகர் வட்டாரத்தில் கல்விக்கான முதல் மூலதனம் மகமையிலிருந்து வந்தது. வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்டு உறவின்முறை எனும் தம் சமூக அமைப்பின் பொதுநிதியில் செலுத்திய சிறுதொகையே மகமை எனப்பட்டது. அத்தகைய பொதுநிதியின் துணையோடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சத்திரிய வித்தியாசாலை, பின்னாளில் காமராசர் பயின்ற பள்ளியாகப் புகழ்பெற்றது.

தொழிலறிவு வேறு வழியில் வந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்றுத் திரும்பினர். அதைத் தொடர்ந்து பட்டாசும், லேபிள்களுக்கான தேவையால் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. ஆயினும் மருந்துக் கலவையின் அளவும் பக்குவமும் பெரும்பாலும் மூத்தவர் சொல்ல இளையவர் பழகும் முறையிலேயே கைமாறி வந்தன.

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு வழிதிறந்தபோது, சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் தொடங்கின. 1998-இல் காமராஜ் பொறியியல் கல்லூரி அவற்றோடு சேர்ந்தது. தமிழ்வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்த மாணவருக்கு இரண்டு திறன்கள் உடனடித் தேவையாயின. தேவையான செய்தி எங்குள்ளது என்று தேடி, அதன் நம்பகத்தைச் சோதித்துப் பயன்படுத்தும் ஆற்றல், அதாவது தகவலறிவு, ஒன்று. அறிந்ததைக் கேட்போருக்கேற்ப எடுத்துரைத்தல் மற்றொன்று. முதலாவதற்கான அடித்தளத்தைச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் அமைத்திருந்தார். வாசகரின் நேரத்தைக் காப்பது அவற்றுள் நான்காவது விதி. இரண்டாவது திறனோ, முதலாண்டில் பெரும்பாலும் ஆங்கிலப் பாடமாகவே வகுக்கப்பட்டது.

பட்டாசுத் தொழில் இவ்விரண்டையும் உயிர்காக்கும் திறன்களாக ஆக்கியிருக்கிறது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்விலேயே தீப்பற்றும் என்பதை வேதியியல் நூலிலும், உரிமம் பெறும் நிபந்தனைகளை 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளிலும், பேரிய உப்புக்கான தடையை 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையிலும் தேடி எடுக்க வேண்டிய பொறியாளர், அவற்றைச் செவிவழிச் செய்தியிலிருந்து பிரித்தறியவும் வேண்டும். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில், தீயைக் கண்டு உதவிக்கு விரைந்த ஊர்மக்களும் உயிரிழந்தனர். ஆபத்தைப் பற்றிய அறிவு ஆலைச் சுவருக்கு வெளியிலும் பரவியிருக்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

அரசு அலுவலகத்துக்கான அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் அதே பொறியாளர், மருந்து கலக்கும் தொழிலாளிக்கு அதன் பொருளைத் தமிழில் பிழையின்றிச் சொல்லக் கடமைப்பட்டவர். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது இத்திசையில் ஒரு படி. இவ்வட்டாரக் கல்லூரிகள் முதலாண்டிலேயே நூலகத் தேடலையும் இருமொழி எடுத்துரைப்பையும் ஒரே பாடமாக இணைத்துக் கற்பிக்க வேண்டும். மகமை கொடுத்துப் பள்ளி கண்ட சமூகத்துக்கு அக்கல்லூரிகள் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் அது.