ஒலிக்கு எழுதிய ஏடும் ஏட்டைச் சூழ்ந்த சபையும்

வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் நிகழ்த்தி, அவ்வம்மையின் சரிதத்தையே கோவலன் கூத்தாக விடியும்வரை ஆடிவந்த முல்லைத்தீவுச் சனங்களுக்கு, ஒலியை எழுத்திலே கட்டிவைக்கும் வித்தை புதியதன்று. கூத்துக் கொப்பி ஒன்றை விரித்துப் பார்த்தால், பாத்திரங்களின் பாடல்களான தருக்களுக்கு முன்னே 'தகதிகு' என்பது போன்ற சொற்கட்டுகள் எழுதப்பட்டிருக்கக் காணலாம். கட்டியகாரனின் வரவுக்கு ஒன்று, அரசனின் வரவுக்கு வேறொன்று என அவை முறையாக வகுக்கப்பட்டிருக்கும். அகராதியில் அச்சொற்களுக்குப் பொருள் தேடுவது வீண். அவை மத்தளக்காரனின் கைக்கு இடப்பட்ட கட்டளைகளே. எந்த அட்சரம் மத்தளத்தின் வலந்தலைக்கு உரியது, எது இடப்புறத் தொப்பிக்கு உரியது, எவ்விடத்தில் காலம் தளர்ந்து ஆடுவோனின் காலுக்கு இடம் விட வேண்டும் என்பவற்றையெல்லாம் கொப்பி கூறாது. அவை கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் நெஞ்சிலும் விரலிலும் இருப்பவை. இரவுதோறும் கூடிப் பழகியவர்களுக்கே அவை வசப்பட்டன.

மனிதரின் கைக்கு இடும் இத்தகைய கட்டளையை யந்திரத்துக்கு இட்டால் என்ன என்று அமெரிக்காவிலே மக்ஸ் மத்தியூஸ் என்னும் பொறியியலாளர் எண்ணியது 1957ஆம் ஆண்டில். நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே தொலைபேசிக் குரலை எண்களாக மாற்றி ஆராயும் உத்தியோகத்தில் இருந்த அவர், வயலின் வாசிப்பதிலும் பிரியமுடையவராதலால், எண்களைக் கொண்டே இசையைப் பிறப்பிக்கும் மியூசிக் என்ற நிரலை எழுதினார். அந்நிரலை ஓட்டத்தக்க ஐபிஎம் 704 கணினி நியூயோர்க் நகரத்தில் இருந்தமையால், கணக்கை அங்கே செய்து, எண்கள் பதிந்த காந்த நாடாவைத் திரும்பக் கொண்டுவந்தே ஒலியாக மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பிரயாசையின் பயனாகக் கேட்டது நியூமன் கட்மன் இயற்றிய, 17 விநாடிகளே நீடித்த ஓர் இசைத்துண்டு. அது செவிக்கு இனிமையாயிருந்தது என்று எவரும் சாதிக்கவில்லை.

அதன் பின்வந்த பதிப்புகளிலே, 1960ஐ ஒட்டி, மத்தியூஸ் கண்ட உபாயம்தான் இத்துறைக்கு அடித்தளமாயிற்று. அலையைப் பிறப்பிப்பது ஒரு கூறு, அதன் உரப்பை ஏற்றி இறக்குவது மற்றொரு கூறு எனச் சிறு சிறு உறுப்புகளை ஆக்கி, அவற்றை வேண்டியவாறு இணைத்து எவரும் தமக்கான வாத்தியத்தைச் சமைத்துக்கொள்ளலாம் என்பது அது. நியூசிலாந்தில் பிறந்த பரி வேர்க்கோ இம்மரபையே தொடர்ந்து, மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே 1980களின் நடுப்பகுதியில் சீ என்னும் நிரல்மொழியில் ஆக்கியதே சீசவுண்ட். வாத்தியங்களின் அமைப்பை ஒரு பகுதியிலும், அவை எப்போது என்ன வாசிக்க வேண்டும் என்பதை மறுபகுதியிலும் எழுதுவது அதன் சம்பிரதாயம். 'ஐ 1 0 2' என்று ஒரு வரி எழுதினால், முதலாம் வாத்தியம் ஆரம்பத்திலேயே தொடங்கி இரண்டு விநாடி ஒலிக்க வேண்டும் என்பது அதன் தாற்பரியம். தருவும் தாளக்கட்டுமாக ஒரு கொப்பியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதிலே அதிசயிக்க ஏதுமில்லை. வித்தியாசம் ஒன்றே: மத்தளக்காரன் கொப்பியில் இல்லாததையும் அறிவான், யந்திரமோ எழுதியதற்கு அப்பால் ஓர் அணுவும் அறியாது.

யந்திரம் அறியாதது பலவாதலால், மனிதர் ஒருவரிடம் ஒருவர் கேட்டறிய வேண்டியதாயிற்று. ஜோன் கிளோட் ரிஸே என்ற பிரெஞ்சு இசைஞர், தாம் பெல் ஆய்வுகூடத்திலே உருவாக்கிய ஒலிகளின் செய்முறைகளை 1969இல் ஒரு பட்டியலாகத் தொகுத்து வழங்கினார். பிற்காலத்தவர் அவற்றைச் சீசவுண்டுக்கு மாற்றி எழுதி மீண்டும் ஒலிக்கச் செய்தனர். பொஸ்ரன் நகரத்து பேர்க்லி இசைக் கல்லூரியைச் சேர்ந்த றிச்சர்ட் பூலஞ்சர், பலருடைய அனுபவத்தையும் திரட்டி 2000ஆம் ஆண்டில் ஒரு பெருநூலைப் பதிப்பித்தார். ஆயினும் நூல் வேறு, சபை வேறு. ஒருவர் ஆக்கிய ஒலியை நல்ல அரங்கிலே, ஆக்கியவரும் பக்கத்தில் இருக்கக் கேட்டு, "இவ்விடத்தில் என்ன செய்தீர்?" என்று வினவும் வாய்ப்பு அச்சிட்ட தாளிலே கிடையாது. இவ்வகையிலே சீசவுண்டுக்கென்றே கூடிய முதலாவது சர்வதேச மாநாடு 2011ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் நடந்தது. பின்னர் 2013இல் பொஸ்ரனிலும், 2015இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும், 2017இல் உருகுவேயிலும், 2019இல் இத்தாலியின் காலி என்னும் சிற்றூரிலுமாக அச்சபை ஊர் ஊராய்க் கூடிற்று. பகலிலே கட்டுரை வாசிப்பும் பயிற்சிப் பட்டறையும், இரவிலே இசையரங்கும் என்பது அதன் கிரமம்.

என் மனத்துக்கு மிகவும் உகந்தது அச்சமூகத்தின் பிறிதொரு நியமம். மென்பொருள் உலகத்திலே புதியது வந்தால் பழையது ஓடாமற் போவது சகஜம். ஆனால் சீசவுண்டைப் பராமரிப்போர், முன்னையோர் எழுதிவைத்த ஆக்கங்கள் பின்னைய பதிப்பிலும் ஒலிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நெடுங்காலம் காத்துவந்தனர். புதுமையே தொழிலாகக் கொண்டவர்களிடம் இத்தகைய பிதுரார்ச்சிதப் பற்று இருந்தது வியப்புக்குரியது.

இதற்குச் சமமான காவல் நமது கூத்துக்கு வாய்க்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தையும், 1964இல் மன்னாரின் என்றிக்கு எம்பரதோர் நாடகத்தையும் பதிப்பித்தபோது ஏடுகள் சில அழிவினின்று தப்பின. அச்சு ஏற்றது சொல்லை மட்டுமே. சொல்லை ஒலியாக்கும் வித்தை அண்ணாவிமாரின் சரீரத்தோடு கூடியதாகவே இருந்தது. பின்பு யுத்தத்தின் கடைசி மாதங்களிலே, கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்ட சனங்கள், பிள்ளையைத் தூக்குவதா, மத்தளத்தைத் தூக்குவதா என்று யோசித்திருக்க மாட்டார்கள். ஒரே ஊரார் ஒரே களரியில் இரவிரவாகக் கூடுவதற்கு அந்த ஊர் முதலில் ஊராக இருக்க வேண்டுமல்லவா?

இசையைக் கணினிக்கு எழுதிக்கொடுக்கும் முயற்சி தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதென்று சொல்வதற்கில்லை. கருநாடக இசையின் ஸ்வரக் குறிப்பைத் தட்டச்சிட்டுக் கொடுத்தால் கமகத்தோடு வாசித்துக் காட்டும் 'காயக' என்ற மென்பொருளை எம். சுப்பிரமணியன் ஆக்கியிருக்கிறார். மேளத்தில் நாட்டமுடைய எவரும் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு: மிருதங்கத்தின் தோலிலே பூசும் கருஞ்சாந்து, பறையொலியிலே சாதாரணமாக முரண்பட்டு நிற்கும் அதிர்வுகளைச் சுருதிக்கு இணங்கச் செய்கிறது என்பதை சி. வி. இராமன் 1920இலேயே எழுதி, 1934இல் விரிவாக நிலைநாட்டினார்.

சீசவுண்டிலே மூங்கில் மணிக்கும், தம்புறின் என்னும் சலங்கைப் பறைக்கும், ஆபிரிக்க வழிவந்த மரிம்பாவுக்கும் அவ்வவற்றின் பெயராலேயே ஆயத்தமான கூறுகள் உள்ளன. அப்பட்டியலில் மத்தளம் இல்லை. அதனை எழுதிச் சேர்க்கப் பணம் எதுவும் வேண்டியதில்லை. மென்பொருள் இலவசமானது, அதன் மூலநிரலும் யாவர்க்கும் திறந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், வவுனியா பம்பைமடுவிலே வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே நிரல் எழுதக் கற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இராமனின் ஆய்வு அவர்களுக்குத் தோலின் அதிர்வைச் சொல்லிக்கொடுக்கும். வரவு முடிந்து தருத் தொடங்கும் இடத்தில் தொப்பியை எவ்வளவு தளர்த்தி அடிக்க வேண்டும் என்பதை, முள்ளியவளைப் பக்கத்தில் இன்னும் மத்தளம் கட்டும் அண்ணாவியார் ஒருவருக்குப் பக்கத்திலே ஒலிவாங்கியோடு பல இரவுகள் உட்கார்ந்துதான் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.