கிண்ணமும் தாழ்ப்பாளும்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர்க் கிண்ணம். அதன் விளிம்பில் வளைந்து கொடுக்கும் ஒரு வளையம். ஸ்திரீகளின் சரித்திரத்தில் இதற்கும் ஓர் இடம் உண்டு என்றால் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், விஷயம் பெரியது.

கிண்ணத்தின் வேலை எளியது. பெண் தானே அதை உள்ளே பொருத்திக்கொள்கிறாள். அது கருப்பையின் வாயை மறைத்து, ஆணின் உயிரணுக்களைத் தடுக்கிறது. தப்பி வருபவற்றை, அதில் தடவிய மருந்துக் களிம்பு முடக்கிவிடுகிறது. உறவுக்குப் பின் ஆறு மணி நேரமாவது அதை எடுக்கக் கூடாது. பிறகு கழுவி வைக்கலாம். பிள்ளை வேண்டுமென்றால் அணியாமல் விட்டால் போதும். ஆனால் முழுக் காவல் அல்ல. ஓராண்டில் 100 பேரில் 17 பேர் வரை கர்ப்பமாவதுண்டு.

ஜெர்மானிய வைத்தியர் மென்சிங்கா அறிமுகப்படுத்திய இதனை, 1880-களில் ஆம்ஸ்டர்டாம் பெண்களுக்குக் கொடுத்தவர் அலெட்டா ஜேக்கப்ஸ் என்ற லேடி டாக்டர். சென்னையில் 1920-களின் கடைசியில் நியோ மால்தூசியன் சங்கம் தோன்றியது. அதில் கூடியவர்கள் பெரும்பாலும் படித்த, பதவியிலிருந்த ஆண்கள். ஜனப்பெருக்கமும் வறுமையுமே அவர்கள் கவலை. ஈரோட்டில் ‘குடி அரசு’ நடத்திய பெரியாரோ, பெண் விடுதலை பெறுவதற்கே கர்ப்பத்தடை வேண்டும் என்றார்.

1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியடிகளுடன் வாதாடினார். புலனடக்கமே வழி என்றார் காந்தியடிகள். அந்த ஆண்டு முடிவில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாடோ, கர்ப்பத்தடையை ஆதரித்துத் தீர்மானம் செய்தது.

தீர்மானம் செய்தாகிவிட்டது, கிண்ணம் குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததா? அளவு பார்த்துக் கொடுக்க டாக்டர் வேண்டும். கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து நிமிஷத் தனிமை வேண்டும். சாங்கரே இந்திய ஏழைகளுக்கென்று விலை மலிந்த நுரைப்பொடியைத்தான் சிபாரிசு செய்தார்.

எங்கள் சாமளாபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் கரையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். லைன் வீட்டின் ஒற்றை அறையில் மாமியார், பிள்ளைகள் எல்லாரும் படுக்க வேண்டும். தறியில் நின்று களைத்து வருகிறவள் அந்தக் கிண்ணத்தை எங்கே வைப்பாள்? எங்கே நின்று அணிவாள்? நம் தமிழ்நாட்டில் கருத்தடை செய்துகொள்ளும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆபரேஷனையே நாடுவதில் ஆச்சரியம் என்ன? ஒரே தடவையில் காரியம் முடிந்துவிடுகிறது. தினம் எதையும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

பெண்ணின் உரிமைக்காக வாதாடியவர்கள் சரியாகத்தான் வாதாடினார்கள். அந்த உரிமை அவள் கைக்கு வந்து சேர, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கூடவே வர வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.