கட்டுமரம் (கன்னியாகுமரி மாவட்டம்)

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மீனவர்களின் மரபுக் கலம். மென்மரத் தடிகள் சிலவற்றைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்துச் செய்வது. ஆணிக்கு இதில் பெரிய வேலையில்லை. இதற்கும் வள்ளத்துக்கும் மிதக்கும் முறையே வேறு. வள்ளம் தன் குழிந்த உடலால் நீரை விலக்கி மிதக்கிறது. உள்ளே நீர் நிறைந்தால் ஆபத்து. கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. மரம் நீரைவிட இலேசானது, ஏறிய அலை இடுக்குகள் வழியே இறங்கிவிடும். ஆனித் திங்களில் கரையில் குமுறும் அலையைக் கடக்க இதைவிட எளிய வடிவம் காண்பது அரிது. விலையும் உண்டு: மேலிருப்பவர் எந்நேரமும் நனைந்தே இருப்பார். மரமும் நீர் குடித்துக் கனக்கும். எனவே கரையேறியதும் கட்டவிழ்த்துக் காயவைப்பர்.

‘கேட்டமரான்’ என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்தே பிறந்தது. ஆனால் இன்று அப்பெயர் பெறும் இரட்டை உடல் படகு பசிபிக் தீவுகளின் மரபைச் சேர்ந்தது. பெயர் மட்டுமே நம்முடையது.

மரத்தடி அரிதானதும் படகின் வெளியே பொருத்தும் எந்திரம் வந்ததும் வடிவத்தை மாற்றின. 1980களில் இம்மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. பின்னர் கண்ணாடியிழை பரவியது.