அம்மா என்ற பெயரும் 024 என்ற இலக்கமும்

கையடக்கத் தொலைபேசியின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகக் கருவியிலிருந்தே தொடங்குவர். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயோர்க் நகரத் தெருவில் மார்ட்டின் கூப்பர் எடுத்த முதல் அழைப்பு, 1991இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். சேவை, 1992 டிசம்பரில் அனுப்பப்பட்ட முதற் குறுஞ்செய்தி என்று அது நீளும். இலங்கையைப் பற்றியும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள விடயமுண்டு. தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை செல்ரெல் நிறுவனம் 1989இல் கொழும்பில்தான் ஆரம்பித்தது. 1995இல் டயலொக் நிறுவனம் ஜி.எஸ்.எம். சேவையுடன் வந்தது.

ஆனால் அந்த வரலாற்றில் வன்னி எங்கே இருந்தது? இதற்கு விடைதேட நான் எடுத்துக்கொள்வது கண்டாவளையை.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் சென்று, முரசுமோட்டைப் பக்கமாக உள்ளே திரும்பினால் வரும் வயலும் வெளியும் சார்ந்த ஊர் அது. இன்று கிளிநொச்சி மாவட்டத்தின் பிரதேச செயலர் பிரிவுகளுள் ஒன்றுக்குப் பெயர் தந்து நிற்கிறது. கொழும்பில் செல்வந்தர்களின் கைகளில் செங்கல் போன்ற தொலைபேசிகள் தோன்றிய மறு ஆண்டு, 1990 ஜூனில், போர் மீண்டும் வெடித்தது. ஏ-9 வீதி மூடப்பட்டது. தெற்கே கருவி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே இருந்த சொற்பத் தொடர்பும் அறுந்துபோனது.

பின்னர் ஒரு தலைமுறை தொலைபேசியின்றியே வளர்ந்தது. பிரிந்த குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவங்களே துணை. உறையில் இடாத தாள். குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. "நாங்கள் சுகம், உன் சுகத்தை அறியத் தரவும்" என்ற இரண்டு வரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பும் தாய், அனுமதி பெற்று வவுனியாவுக்கு வரவேண்டும். அங்கே தெருவுக்குத் தெரு முளைத்திருந்த 'கொமினிக்கேசன்' கடையொன்றின் வாங்கில், குறித்த நேரத்தில் வரும் அழைப்புக்காக அமர்ந்திருக்கவேண்டும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ-9 வீதி திறந்தது. யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி பரவத் தொடங்கியது. கண்டாவளைக்கோ அந்தச் சமிக்ஞை எட்டவில்லை.

இக்காலத்தில்தான், 2004இல், எனக்குத் தெரிந்த கண்டாவளை இளைஞர் ஒருவர் மாணவராக இலண்டன் சென்றார். போன முதல் வாரமே புதிய நொக்கியா 1100 ஒன்றை வாங்கினார். விலை குறைந்தது, தூசுக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிப்பது, தலையில் சிறு மின்சூள் கொண்டது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான கருவி. முற்பணம் செலுத்தும் சிம் அட்டை அதனுள். சக மாணவர்கள் தத்தமது வீட்டு இலக்கங்களைப் பதிந்துகொண்டிருக்க, இவர் 'அம்மா' என்று பெயரை எழுதிவிட்டு விழித்தாராம். அவருடைய வீட்டில் தொலைபேசி இல்லை, ஊரிலும் இல்லை. ஈற்றில், வவுனியாவில் உறவினர் நடத்திய கடையின் இலக்கத்தைப் பதிந்தார். அதனால் 'அம்மா' என்ற பெயருக்கு நேரே 024 என்று தொடங்கும் வவுனியா இலக்கம் நின்றது. அந்த அம்மாவோ எண்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தார்.

தமது இலண்டன் இலக்கத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். தாயார் அதனைச் சாமிப்படத்தின் பின்புறம் குறித்து வைத்தார், மனப்பாடமும் செய்துகொண்டார்.

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டது. ஓமந்தைப் பயணமும் அரிதாயிற்று. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியது. செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. கண்டாவளை, தருமபுரம் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். வெளியுலகோடு பேச எஞ்சியிருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க செய்மதித் தொலைபேசிகளே.

அந்த மாதங்களில் இளைஞரின் நண்பர்கள் புதிய கருவிகளுக்கும் மலிவான இணைப்புகளுக்கும் மாறினர். இவர் மாறவில்லை. பாவிக்காதுவிட்டால் முற்பண இணைப்பு செயலிழந்துவிடும் என்று கேள்விப்பட்டு, வாரந்தோறும் யாருக்காவது ஓர் அழைப்பு எடுப்பார். உறங்கும்போதும் கருவி தலைமாட்டில் கிடக்கும். "அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இலக்கம் அது அண்ணை, அதை மாத்தினால் நான் காணாமல் போயிடுவன்" என்று என்னிடம் சொன்னார்.

மே மாதத்தில் போர் முடிந்தது. ஜூன் மாத இரவொன்றில் அந்த நொக்கியா ஒலித்தது. செட்டிகுளம் முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியை இரவல் வாங்கி, தாயார் பேசினார். சாமிப்படம் வீட்டோடு போய்விட்டது. இலக்கம் மட்டும் நினைவில் இருந்தது. தாம் இருப்பதாகச் சொன்னார். தகப்பனார் இருப்பதாகவும் சொன்னார். இளைய மகனைப் பற்றிக் கேட்டபோது பதில் வரவில்லை.

போருக்குப் பின் வன்னியெங்கும் கோபுரங்கள் எழுந்தன. கிளிநொச்சிக்கு 021, வட்சப்பும் வைபரும் வந்தபின் அந்த இலக்கத்துக்கும் பெரிய தேவை இல்லாமற் போயிற்று. இன்று கண்டாவளை வயல் வரம்பில் நின்றபடியே ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். இது பெரிய மாற்றம், மறுப்பதற்கில்லை.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாயாரைச் சந்தித்தபோது, அவர் கையில் பழைய, பொத்தான்கள் தேய்ந்த கருவி இருந்தது. மகன் அனுப்பிய புதியது அலுமாரியில் கிடந்தது. மீள்குடியேறிய காலத்தில் வாங்கிய சிம் அட்டையைக் கழற்ற அவருக்குப் பயம். "சின்னவன் எங்கையாவது இருந்து ஆரிட்டையும் கேட்டறிஞ்சு எடுத்தால்?" என்றார். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் கேள்விக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கோபுரங்களின் எண்ணிக்கையைத் திணைக்களங்கள் பதிந்து வைத்திருக்கும். கொமினிக்கேசன் வாங்கில் காத்திருந்த பொழுதுகளை எவரும் பதியவில்லை. செஞ்சிலுவைப் படிவங்களும், சுரண்டிய தொலைபேசி அட்டைகளும், இலக்கம் குறித்த பழைய கொப்பிகளும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றை எறிந்துவிடாதீர்கள். நாம் எவ்வளவு காலம் பேசமுடியாதிருந்தோம் என்பதற்கு எஞ்சியுள்ள சான்றுகள் அவையே.