கடைசி நாளின் கணக்கு

"எல்லாம் அந்த நாள்ல தெரியும்ல" என்று எங்க ஆச்சிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். கடைசிக்காலப் போதனை ஏழையை அடக்கி வைக்கும் அபின் என்பார்கள் தோழர்கள். பாதி நிஜம்தான். மீதிப் பாதியை நம் வரலாற்றில் தேட வேண்டும்.

வெளிப்படுத்தின விசேஷம் அரண்மனையில் பிறந்ததல்ல. ரோம ஆட்சியில் பத்மு தீவில் கிடந்த யோவான், துன்பப்பட்ட சபைகளுக்கு எழுதியது. பேரரசு விழும் என்பதே அதன் சேதி.

நம்ம சீமையில் நடந்தது என்ன? எக்காளம் ஊதினால் எல்லாக் கல்லறையும் ஒன்றாய்த் திறக்கும் என்று போதித்தவர்கள்தான், 1872இல் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச்சுவர் வைத்துக் கட்டினார்கள். வெள்ளாளர் ஒருபுறம், நாடார் முதலானோர் மறுபுறம். 1910இல்தான் சுவர் இடிந்தது. எதிர்த்து வழக்காடிய வெள்ளாளர் தோற்றார்கள். கடைசி நாள் வரை யாரும் காத்திருக்கவில்லை. மனுசக் கைதான் இடித்தது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லை கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். கடலே தன் பிணங்களைத் திருப்பித் தரும், ஏடுகள் விரியும் என்பது யோவான் கண்ட காட்சி. அதை வாசிக்கையில் எனக்கு நம்ம ஆறுதான் தெரிகிறது.

ஆச்சி சொன்ன 'அந்த நாள்' வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை. அடித்தவன் கணக்கு முடிந்தது என்னும்போது, "இன்னும் முடியலல" என்று சொல்லும் தெம்பு அது. அந்தத் தெம்போடு 17 பெயரையும் எழுதி வைப்போம். வருசா வருசம் ஆற்றங்கரையில் கூடி அவற்றை உரக்க வாசிப்போம்.