தோற்ற ஊரின் பெயரில் ஒரு போர்க்கப்பல்

எல்லையோரம் – 17

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விடியற்காலை நின்றால் காதடைத்துப் போகும். ஏலம் கூவுகிற குரல், லாரிக்குக் கிரேடு ஏற்றுகிற சத்தம், டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சு. தலையைத் தூக்கினால் மலைமேல் கோட்டை. கீழே நிற்கிற யாருக்கும் அதை ஏறிட்டுப் பார்க்க நேரமிருக்காது. போன மாதம் அந்தக் கோட்டைக்கு ஏறி, மேலே உட்கார்ந்து மேற்கே கெலமங்கலம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த வாரத்துக் கதை மனதில் உருவானது. கடலே இல்லாத நம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடலில் ஓடிய ஒரு கப்பலைப் பற்றி எழுதப் போகிறேன். அது பிரிட்டிஷ் அரசக் கடற்படையின் பாய்மரப் போர்க்கப்பல். பெயர் 'செரிங்கபட்டம்'. ஸ்ரீரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் நாக்கு அப்படித்தான் மென்று துப்பியது.

அந்தக் கப்பலின் கதையை நான் 1792 மார்ச் 18ஆம் தேதியிலிருந்து தொடங்குவேன். மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுடன் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின் நாள் அது. தன் நாட்டில் பாதியைக் கொடுத்தார். பணயமாக இரண்டு பிள்ளைகளையும் அனுப்பினார். அப்போது கைமாறியவற்றில் பாராமகால் ஒன்று. அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ச் சீமை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற அதிகாரி இரவில் தாக்கினார். பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தார். மேல்கோட்டையிலிருந்து உருட்டிவிட்ட பாறைகளுக்கு முன்னால் நிற்க முடியாமல் இறங்கிப் போனார். சண்டையில் பிடிக்க முடியாத அந்தக் கோட்டை நாலே மாதத்தில் ஒரு காகிதத்தில் கைமாறியது.

அதே காகிதத்தில் மலபாரும் கைமாறியது. நம் ஊர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாராமகாலோடு நிறுத்திவிடுவார்கள், மலையாளக் கரை வரலாற்றை எழுதுகிறவர்கள் மலபாரோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கப்பல் தெரியும். மலபாரில் மிளகு மட்டுமா இருந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கும் இருந்தது. இங்கிலாந்தில் அப்போது கப்பலுக்கேற்ற கருவாலி மரத்துக்குப் பஞ்சம். நெப்போலியனோடு ஓயாத போர். கருவாலியின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பைக் காக்கும். கருவாலிக் கப்பல் வெப்பக் கடலில் சில வருடங்களில் உளுத்துப் போகும்போது, தேக்குக் கப்பல் தலைமுறை தாண்டி ஓடும். இதை பம்பாயில் கப்பல் கட்டிய பார்சிகள் எப்போதோ அறிந்திருந்தார்கள். கடற்படை தாமதமாகத் தெரிந்துகொண்டது.

1806இல் காப்டன் வாட்சன் என்பவரை மலபார்க் காடுகளுக்குக் காப்பாளராகக் கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்தது. காட்டைக் காப்பது என்ற பெயரில் நடந்தது தேக்கு ஏகபோகம். காணியாளர்களும் மர வியாபாரிகளும் தங்கள் மரத்தைத் தாங்களே வெட்டவோ விற்கவோ முடியவில்லை. புகார் மேல் புகார் போயிற்று. கடைசியில் 1823இல் அந்தப் பதவியையே ஒழித்தார் சென்னை கவர்னர். அந்த கவர்னர் வேறு யாருமல்ல, தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் இதே பாராமகாலில் நிலவரி கணக்கெடுத்து, ஊர் ஊராகக் குதிரையில் சுற்றிய அதே மன்றோ. குடியானவன் கஷ்டத்தை அவர் கற்றுக்கொண்டது நம் மண்ணில்தான் என்று நான் நினைக்கிறேன். மலபார் மரக்காரர்களுக்கு அது முப்பது வருடம் கழித்துப் பலன் தந்தது.

நான் முந்திப் போய்விட்டேன். 1799க்குத் திரும்புவோம்.

1792க்குப் பிறகு ஏழு வருடம், இரண்டு நாடுகளின் எல்லை இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு நடுவே ஓடியது. ராயக்கோட்டை கம்பெனியிடம். கெலமங்கலமும் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடம். இன்று டவுன் பஸ் போகிற தூரம்தான் அது. 1799 பிப்ரவரி 14ஆம் தேதி வேலூரிலிருந்து ஜெனரல் ஹாரிஸின் படை புறப்பட்டது. ஆம்பூர் வழியாக வந்து, காரிமங்கலம் தாண்டி, மார்ச் முதல் வாரம் ராயக்கோட்டை அடிவாரத்தில் தங்கியது. இருபதாயிரத்துக்கும் மேல் சிப்பாய்கள். அவர்களோடு நிஜாமின் படை. முற்றுகைப் பீரங்கிகளையும் அரிசி மூட்டைகளையும் இழுக்க லட்சத்துக்கும் அதிகமான மாடுகள். முப்பது வயதுகூட முடியாத ஒரு கர்னலும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன்.

லட்சம் மாடு என்று எழுதுவது சுலபம். மண்டிக்கு வந்து நிற்கிற பத்து மாட்டுவண்டிக்கே எவ்வளவு தீவனமும் தண்ணீரும் வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். பங்குனி வெயிலில் லட்சம் வாய்கள். படை எல்லையைத் தாண்டி கெலமங்கலத்தில் கூடியபோதே தீவனத் தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. ஆனேக்கல் பக்கம் போகப் போக திப்புவின் குதிரைப்படை வழியிலிருந்த புல்லையும் வைக்கோலையும் கொளுத்திக்கொண்டே போனது. மாடுகள் வழியெல்லாம் விழுந்தன. அந்த மாடுகள் யாருடையவை, எந்த ஊர்க் கொட்டகையிலிருந்து பிடித்துக்கொண்டு போனவை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வெற்றிச் சரித்திரத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது. மே 4ஆம் தேதி மதிய வெயிலில் ஸ்ரீரங்கப்பட்டினம் கோட்டை விழுந்தது. திப்பு வாசலருகே சண்டையிட்டபடி இறந்தார். ஓசூர்ச் சீமையும் கம்பெனிக்குப் போயிற்று.

லண்டனில் அந்த வெற்றி ஒரு பெரிய திருவிழா. நாடகம் போட்டார்கள், படம் வரைந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துப் பங்குபோட்டார்கள். அதன் விதானத்தின் மேல் இருந்த ரத்தினம் பதித்த ஹூமா பறவை ராஜா வீட்டுக்குப் போனது. அந்த ஆரவாரத்தின் எதிரொலியாகத்தான் 1813இல் பம்பாயில் ஒரு பிரிகேட் போர்க்கப்பல் கட்ட ஆணையிட்டபோது அதற்கு 'செரிங்கபட்டம்' என்று பெயரிட்டார்கள் என்பது என் எண்ணம்.

கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொம்மன்ஜி வாடியா. 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜியின் வம்சம். வாடியாக்களின் கப்பல்துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஏராமரம் போடும் நாளில் பூசை செய்து, ஒரு வெள்ளி ஆணியை அடிப்பார்கள். அடுத்துதான் இரும்பும் செம்பும். தேக்குப் பலகைகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் பொருந்தும்படி இழைத்து இணைப்பார்கள். ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிற தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஃபிட்டிங் சரியா இருந்தா பேக்கிங் எதுக்குண்ணே?" என்றார். வாடியா இருந்திருந்தால் அவரைத் தட்டிக்கொடுத்திருப்பார்.

1819 செப்டம்பர் 5ஆம் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. 46 பீரங்கி பிரிகேட். 1806இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த 'பிரசிடெண்ட்' என்ற கப்பலின் உடலமைப்பைப் பார்த்துப் போட்ட வரைபடம். சுமார் 1,150 டன், முந்நூறுக்கும் மேல் மாலுமிகள். முக்கியப் பீரங்கிகள் எட்டு கிலோ எடையுள்ள குண்டை எறியக்கூடியவை. இரண்டு வருடம் முன்னால் இதே ஜம்ஷெட்ஜி 'திருகோணமலை' என்ற பிரிகேட்டை இறக்கியிருந்தார். ஒன்று ஈழக் கரையின் பெயர், இன்னொன்று காவிரிக் கரையின் பெயர்.

இனி அணியத்துக்கு வருவோம். கப்பலின் முன்மூக்கில் ஒரு மரச்சிற்பம் வைப்பது அந்தக் கால வழக்கம். செரிங்கபட்டத்தின் சிற்பம் இப்போது லண்டனின் கிரீனிச்சில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் கண்ணை எடுக்க முடியாது. தலைப்பாகை கட்டிய ஒரு மனிதன், புராணத்துப் பெரும்பறவை ஒன்றின் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையைத் தூக்கிக் குடை பிடித்திருக்கிறான். உடம்பெல்லாம் வண்ணப் பூச்சு. திப்பு சுல்தான் உருவம் என்றே அதைக் கொள்கிறார்கள். நம் ஊரில் குடை என்றால் அரசு. கோயில் உற்சவத்தில் சாமிக்குப் பிடிப்போம். 'வெண்கொற்றக் குடை' என்ற சொல்லே நமக்கு மன்னனின் மறுபெயர். எந்த மன்னனும் தன் குடையைத் தானே பிடிப்பதில்லை. செதுக்கியவருக்கு இது தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்தோ தெரியாமலோ அவர் செதுக்கியது, குடை பிடிக்க ஆளில்லாமல் போன ஒரு ராஜாவை.

வீழ்ந்த மன்னனின் உருவத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கப்பல் என்ன செய்தது? பெரிய சண்டை எதுவும் அதற்கு வாய்க்கவில்லை. நெப்போலியன் போர்கள் முடிந்துவிட்ட காலம். 1820களின் நடுவில் சார்லஸ் சோதபி என்பவரின் தலைமையில் மத்தியதரைக் கடலில், கிரேக்க விடுதலைப் போரின் குழப்பத்தில் பெருகிய கடற்கொள்ளையரைத் துரத்தியது. பிறகு தென்னமெரிக்கக் கரை.

அங்கிருந்துதான் 1830இல் வில்லியம் வால்டிகிரேவ் அதைப் பசிபிக் தீவுகளுக்குச் செலுத்தினார். மார்ச் மாதம் பிட்கேர்ன் தீவுக்குப் போனது. 'பவுண்டி' என்ற கப்பலில் 1789இல் கலகம் செய்த மாலுமிகள் தாஹிதிப் பெண்களோடு போய் ஒளிந்த தீவு அது. மேற்கிந்தியத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட, தாஹிதியிலிருந்து சீமைப்பலாக் கன்று ஏற்றப் போன கப்பல் பவுண்டி. கலகக்காரரில் கடைசியாக உயிரோடிருந்த ஜான் ஆடம்ஸ் சரியாக ஒரு வருடம் முன்னால் இறந்துவிட்டார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக எண்பது பேர் அளவில் இருந்தார்கள். அவர்களுக்கு இங்கிலாந்து அரசு அனுப்பிய சட்டை, கால்சட்டை, செருப்பு, பெண்களுக்கு உடை, விவசாயக் கருவிகள் எல்லாம் இறங்கியது இந்தக் கப்பலிலிருந்துதான். அரசை எதிர்த்து ஓடியவர்களின் பிள்ளைகள் கரையில் நின்று கப்பலைப் பார்த்திருப்பார்கள். அணியத்தில் குடை பிடித்த மனிதன். அவன் யார் என்று அந்தக் குழந்தைகள் கேட்டிருந்தால் மாலுமிகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

அதே பயணத்தில் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்து நுக்குஹிவாவுக்கும் போனது. அங்கே பதினாறு வருடம் முன்னால் வேறொரு 'செரிங்கபட்டம்' நின்றிருந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல். திப்பு தனக்காகக் கட்டச் சொன்ன தேக்குக் கப்பல்தான் அது, அவர் இறந்த பிறகு இங்கிலாந்துக்குப் போய் விலைபோயிற்று என்று ஒரு வழக்கு உண்டு. நம்பக்கூடியதுதான். 1796இல் கடற்படைக்கென்று தனி விதிமுறை எழுதி, பெரும்போர்க்கப்பல் இருபது, பிரிகேட் இருபது என்று நாற்பது கப்பல் கட்டத் திட்டமிட்டவர் அவர். 1813 ஜூலையில் அந்தத் திமிங்கிலக் கப்பலை அமெரிக்க 'எஸெக்ஸ்' கப்பலின் டேவிட் போர்ட்டர் பிடித்தார். நுக்குஹிவாவில் காவலுக்கு விட்டுப் போன ஜான் கேம்பிள் என்ற அதிகாரியை 1814 மே மாதம் கப்பலில் இருந்தவர்களே பிடித்துக் கட்டி, குதிகாலில் சுட்ட காயத்தோடு படகில் இறக்கிவிட்டு, கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். ஒரே தீவு, ஒரே பெயர், இரண்டு கப்பல்.

1840களில் நீராவி வந்துவிட்டது. பாய்மரப் பிரிகேட்டுக்கு வேலை குறைந்தது. 1847இல் செரிங்கபட்டத்தை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் புதிய மாலுமிகளைத் தங்கவைக்கும் கப்பலாக நிறுத்தினார்கள். 1852இல் நிலக்கரிக் கிடங்காக்கினார்கள். எந்த நீராவி அதன் பாயை இறக்கியதோ, அந்த நீராவிக் கப்பல்களுக்குக் கரி மூட்டைகளைச் சுமந்தபடி இருபது வருடம் ஒரே இடத்தில் கிடந்தது. மலபார்த் தேக்கு அதற்குள்ளும் இற்றுவிடவில்லை. 1873இல்தான் உடைத்தார்கள். 54 வயது. அதன் அண்ணன் 'திருகோணமலை' இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. ஐரோப்பாவில் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுதான்.

ராயக்கோட்டை மலையிலிருந்து இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் மதிலோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கம்பை ஊன்றி, கிழிந்த கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எதுக்குப்பா இந்த வெயில்ல மேல போனே?" என்று கேட்டார். கப்பல் கதையைச் சொன்னேன். கிரீனிச் பொம்மையின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம சுல்தானா? குடைய அவரே புடிச்சிருக்காரே" என்றார்.

(தொடரும்)